காம்பாக்ட் கேமராவுக்கு நீருக்கடி ஹவுசிங் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தண்ணீருக்கடியில் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேமராவைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் அதற்கு ஹவுசிங், அதாவது கேமராவைத் தண்ணீர் படாமல் மூடும் பெட்டி, தேடுகிறார்கள். அந்த மாடலுக்கு யாருமே ஹவுசிங் செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். அல்லது, ஷட்டரையும் ஜூமையும் தவிர வேறெதையும் வெளியிலிருந்து தொட முடியாத ஒரு பெட்டிதான் கிடைக்கும். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. தண்ணீருக்குள் இறங்கிய பிறகு உங்கள் கையில் இருப்பது ஹவுசிங்தான். கேமராவில் எத்தனை வசதி இருந்தாலும் ஹவுசிங் வழிவிட்டால்தான் அது உங்களுக்குப் பயன்படும். ஹவுசிங்கை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குள் போகும் கேமராவை அடுத்துப் பார்க்கலாம்.

1. எவ்வளவு ஆழம் போவீர்கள்?

கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 40 மீட்டரில் ஹவுசிங்கின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 4 கிலோ பாரம் அழுத்தும். பின்கதவு 10-க்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கதவின் மேல் மட்டும் 600 கிலோ. ஒரு ஹவுசிங்கின் ஆழ எல்லை என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

ஸ்நார்கலிங் மட்டும் செய்பவர் பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டருக்குள்தான் இருப்பார். ஸ்கூபாவில் முதல் சான்றிதழ் 18 மீட்டர் வரை அனுமதிக்கிறது, அடுத்த நிலை 30 மீட்டர், பொழுதுபோக்கு டைவிங்கின் பொதுவான எல்லை 40 மீட்டர். கேமரா நிறுவனங்களே பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்யும் ஹவுசிங்குகள் பெரும்பாலும் 40 மீட்டரை ஒட்டி இருக்கின்றன. தனி நிறுவனங்களின் பிளாஸ்டிக் ஹவுசிங்குகளில் 60 மீட்டர் வரை கிடைக்கும், அலுமினியத்தில் 100 மீட்டர் வரை. நீங்கள் போகிற ஆழத்துக்கு மேலே கொஞ்சம் இடைவெளி இருந்தால் போதும். 100 மீட்டர் என்ற எண்ணுக்காக மட்டும் அலுமினியத்துக்குப் போக வேண்டியதில்லை. அதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, பின்னால் வருகின்றன.

நீர்புகாக் கேமரா ஒன்றே போதாதா என்று கேட்பீர்கள். ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் பொருள். அது டைவிங்குக்கானது இல்லை. ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போன்றவை எந்தப் பெட்டியும் இல்லாமல் 15 மீட்டர் வரை போகும். ஸ்நார்கலிங்குக்கு அது தாராளம். அதே கேமராவை 45 மீட்டர் வரை தாங்கும் பிடி-059 ஹவுசிங்குக்குள் வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு: 10 மீட்டரில் ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் கேமரா பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. முதல் முறை வாங்குகிறவருக்கு என் முதல் பரிந்துரை இந்த ஜோடிதான். மென்மையான பிளாஸ்டிக் பைகளைப் பற்றி ஒரே வரி: நீச்சல் குளத்துக்கு சரி, கொஞ்சம் ஆழம் போனதும் பை கேமராவோடு ஒட்டிக்கொண்டு பட்டன்களை அழுத்த விடாது.

2. ஹவுசிங்கும் கேமராவும் பொருந்துகின்றனவா?

ஹவுசிங் என்பது ஒரே ஒரு மாடலுக்காக அச்சு வார்த்தது. ஒரு பட்டன் 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் வெளியே அழுத்துவது உள்ளே படாது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாடல்களில் 28-100 மி.மீ. லென்ஸ், மூன்றிலிருந்து ஐந்து வரை 24-70, ஆறிலும் ஏழிலும் 24-200. பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும் இவற்றில் லென்ஸ் வெளியே நீளும் அளவே வேறு வேறு. ஹவுசிங் விவரத்தில் மாடலின் முழுப்பெயர், கடைசி எண்ணும் எழுத்தும் உட்பட, சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. டச் ஸ்கிரீனை நம்பி வடிவமைத்த கேமரா வேண்டாம். ஹவுசிங்குக்குள் திரையைத் தொட வழியே கிடையாது. ஃபோகஸ் புள்ளியை நகர்த்துவதுகூட பட்டனால் முடிய வேண்டும். இரண்டாவது, ரா ஃபைல், அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் படம், எடுக்க வேண்டும். நீருக்கடியில் நிறம் எப்படியும் கெடும், பின்னால் சரிசெய்ய ராவில்தான் இடம் இருக்கும். மூன்றாவது, கேமராவுக்குள்ளேயே ஃப்ளாஷ் இருக்க வேண்டும். சோனி இசட்வி-1, ரிக்கோ ஜிஆர் 3 இரண்டிலும் அது இல்லை. நிலத்தில் அது குறையாகத் தெரியாது. தண்ணீருக்குள் வெளி ஸ்ட்ரோபை (ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் தனி ஃப்ளாஷ்) இயக்க உள் ஃப்ளாஷின் ஒளிதான் சமிக்ஞை, அது இல்லாவிட்டால் தனியாக ஒரு டிரிகர் தேவைப்படும்.

3. பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

பாலிகார்பனேட் எடை குறைவு, விலையும் குறைவு. பல மாடல்களில் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். இது பெரிய வரம். கதவோரத்தில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் முழுச் சுற்றும் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று மூடிய பிறகும் பார்க்கலாம். சில துளி தண்ணீர் உள்ளே வந்தாலும் உடனே தெரியும். குறை என்னவென்றால் பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாது. ஓடிக்கொண்டிருக்கும் கேமரா உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கும், அந்தக் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் போய்ப் படியும். பாதி டைவில் எல்லாப் படமும் பால்போல மங்கலாக வருவதற்குக் காரணம் இதுதான். வீடியோ அதிகம் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

அலுமினியம் வெப்பத்தைச் சுற்றியுள்ள தண்ணீருக்குக் கடத்திவிடும், ஆகவே மூட்டம் குறைவு. பட்டன்களின் அசைவு துல்லியமாக இருக்கும், பல ஆண்டு உழைக்கும். விலை கேமராவின் விலையைத் தாண்டுவதும் உண்டு. வாரக் கணக்கில் டைவ் செய்கிறவர், வீடியோ எடுப்பவர் என்றால் அலுமினியம். வருடத்துக்கு ஒரு பயணம் என்றால் நல்ல பாலிகார்பனேட் ஒன்றும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும்.

எதை வாங்கினாலும் கேமராவை வறண்ட, குளிர்சாதன அறையில் வைத்தே ஹவுசிங்குக்குள் பூட்டுங்கள். படகின் ஈரக் காற்றில் பூட்டினால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். பூட்டிய பிறகு வெயிலில் வைக்காதீர்கள். பாலிகார்பனேட் மேல் ஆல்கஹால் போன்ற கரைப்பான்கள் படக் கூடாது, மயிரிழை விரிசல்கள் விழும்.

4. முன்கண்ணாடி

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காம்பாக்ட் ஹவுசிங்குகளில் பெரும்பாலும் இருப்பது தட்டையான கண்ணாடி, தட்டைப் போர்ட். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியாக உள்ளே இருக்கும் காற்றுக்கு வரும் ஒளி வளைகிறது. விளைவு, பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், காட்சிக் கோணம் குறுகும். கேமராவில் 24 மி.மீ. என்று எழுதியிருக்கும் அகலப் பார்வை தண்ணீருக்குள் கிட்டத்தட்ட 32 மி.மீ. போல ஆகிவிடும்.

அதனால் என்ன, பின்னால் நகர்ந்து எடுத்தால் போயிற்று என்று தோன்றும். நிலத்தில் அது சரி. தண்ணீரில் நீங்கள் பின்னால் நகரும் ஒவ்வொரு அடிக்கும் உங்களுக்கும் அந்தப் பவளத்துக்கும் நடுவில் இன்னும் ஓர் அடி தண்ணீர் வந்து உட்காருகிறது. அந்தத் தண்ணீர் சிவப்பைத் தின்னும், கூர்மையைத் தின்னும், நடுவில் தூசியை மிதக்கவிடும். கிட்டே போவதுதான் நீருக்கடிப் படத்தின் உயிர். கிட்டேயும் போக வேண்டும், முழு மனிதரோ ஆமையோ சட்டத்துக்குள் அடங்கவும் வேண்டும் என்றால் அகலமான பார்வை தேவை. அதை வெட் லென்ஸ் கொடுக்கும்.

வெட் லென்ஸ் என்பது ஹவுசிங்குக்கு வெளியே, தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றக்கூடிய லென்ஸ். ஒரே டைவில் மீன் கூட்டத்துக்கு வைட் லென்ஸ், கடல் நத்தைக்கு மேக்ரோ லென்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். பெரிய கேமராக்காரர்கள் பலருக்குக் கிடைக்காத இந்த வசதிதான் காம்பாக்ட்டின் உண்மையான பலம் என்பேன். ஆகவே ஹவுசிங் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது போர்ட்டின் முகப்பில் திருகு மரை இருக்கிறதா என்பதைத்தான். 67 மி.மீ. மரை, எம்67 என்பார்கள், இதுதான் பரவலான அளவு. இனான், நாட்டிகாம் என்று பல நிறுவனங்களின் லென்ஸ்கள் அதில் ஏறும். மரையே இல்லாத ஹவுசிங்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடுங்கள்; இன்று வெட் லென்ஸ் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், ஆறு மாதத்தில் வரும்.

ஒரு சிக்கல் உண்டு. ஜூம் நீளமான கேமராக்களில் லென்ஸ் வெகுதூரம் வெளியே வருவதால் போர்ட்டும் நீளமாக இருக்க வேண்டியிருக்கிறது. வைட் முனையில் லென்ஸ் உள்ளே சுருங்கிக்கொள்ளும்போது கண்ணாடிக்கும் அதற்கும் இடைவெளி விழும். அந்த நிலையில் வைட் வெட் லென்ஸ் மாட்டினால் படத்தின் நாலு மூலையும் கறுத்துப்போகும். 24-200 லென்ஸ் உள்ள கேமராவை விட 24-70 லென்ஸ் உள்ள பழைய மாடல் தண்ணீருக்குள் மேல் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதன் காரணம் இது. தூரத்துக் காட்சிக்கு நீள ஜூம் தண்ணீருக்குள் உதவாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்தால் நடுவில் உள்ள கலங்கலும் சேர்ந்தே வரும்.

வெட் லென்ஸ் மாட்டுகிறவர் தண்ணீருக்குள் இறங்கியதும் அதை ஒரு முறை கொஞ்சம் தளர்த்தி, போர்ட்டுக்கும் அதற்கும் நடுவில் சிக்கிய காற்றுக் குமிழிகளை விரலால் தள்ளிவிட வேண்டும். கண்ணாடியை ஒட்டி மிளகு அளவில் ஒரு குமிழி நின்றுவிட்டால் போதும், டைவ் முழுக்க எடுத்த படங்களின் ஓரத்தில் ஒரு மங்கலான வட்டம் இருக்கும்.

5. பட்டன்கள்

கடையிலோ நண்பரிடமோ ஹவுசிங்கைக் கையில் வாங்கினால், கேமராவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, டைவிங் கையுறை போட்டுக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஷட்டரைப் பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்து, அப்படியே நிறுத்தி, பிறகு முழுதாக அழுத்துங்கள். பாதி அழுத்தம் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்த ஹவுசிங்கோடு மீன் படம் எடுப்பது கஷ்டம். அடுத்து ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ, ஃப்ளாஷ், மேக்ரோ முறை, வீடியோ பட்டன் ஒவ்வொன்றுக்கும் போய்ப் பாருங்கள். கேமராவின் மோட் டயலைத் திருப்ப முடியாத ஹவுசிங்குகள் இருக்கின்றன. லென்ஸைச் சுற்றிய வளையத்தைத் தொட முடியாதவை அதைவிட அதிகம்.

மலிவான ஹவுசிங்குகளில் பட்டன் ஸ்பிரிங் பலவீனமாக இருக்கும். ஆழத்தில் நீரின் அழுத்தமே பட்டனை உள்ளே தள்ளி அப்படியே பிடித்துக்கொள்ளும். கேமரா தானாக மெனுவுக்குள் போவது, படம் எடுக்க மறுப்பது எல்லாம் இதனால் வரும். மேலே வந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதால் பலருக்குக் காரணமே புரிவதில்லை.

6. ஒளி

தண்ணீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. 5 மீட்டரிலேயே அது வெகுவாகக் குறைந்துவிடும், 10 மீட்டரில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். அதிகம் ஆழம் போகாதவருக்கு கேமராவின் ஒயிட் பேலன்ஸை அங்கேயே கையால் சரிசெய்துகொள்வது போதும். அந்தப் பட்டன் ஹவுசிங்கில் எட்டுகிறதா என்று மேலே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். சிவப்பு ஃபில்டர் தெளிந்த நீல நீரில், நடுத்தர ஆழத்தில் உதவும்.

உள் ஃப்ளாஷை அப்படியே அடித்தால் லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் துகள்கள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் பளிச்சிடும், படத்தில் பனி பெய்தது போல இருக்கும். ஒளி பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். அதற்கு வெளி ஸ்ட்ரோப், அதைத் தாங்க ஒரு ட்ரேயும் கையும், ஹவுசிங்கிலிருந்து அதற்கு ஒரு ஃபைபர் ஆப்டிக் கேபிள். ஹவுசிங்கில் கேபிள் சொருகும் துளை இருக்கிறதா, உள் ஃப்ளாஷ் எழும்பி நிற்க உள்ளே இடம் இருக்கிறதா, அடியில் ட்ரே பொருத்தத் திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரோபை இப்போதே வாங்க வேண்டாம். அதற்கான வழி மட்டும் ஹவுசிங்கில் இருக்கட்டும்.

7. ஓ-ரிங்

நீருக்கடியில் எடுத்த முதல் புகைப்படமே கசிந்த பெட்டியில் எடுத்ததுதான். 1856-இல் இங்கிலாந்தின் வேமவுத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் கேமராவை ஒரு பெட்டியில் வைத்து இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது, ஆனாலும் படம் பதியும் தட்டில் மங்கலாக ஒரு காட்சி பதிந்திருந்தது. அவருடைய தட்டுக்கு இருந்த பொறுமை இன்றைய மின்சுற்றுக்குக் கிடையாது.

என் ஹவுசிங் ஒருமுறை நனைந்தது 2 மீட்டர் ஆழத்தில். திறந்து பார்த்தபோது ஓ-ரிங்கின் குறுக்கே ஓர் இமைமுடி கிடந்தது. முடி எவ்வளவு மெல்லியது! அதன் இரு பக்கமும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு நுண்ணிய வழி திறந்திருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆழம் கூடும்போது அழுத்தம் கதவை ஓ-ரிங்கின் மேல் இன்னும் இறுக்கும்; ஆகவே பல கசிவுகள் மேல்மட்டத்திலும், கரையில் கழுவும் தொட்டியிலும்தான் நடக்கின்றன. அந்த நாளுக்குப் பிறகு என் பழக்கம் இது. நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, கைகழுவித் துடைத்து, ஓ-ரிங்கை விரல்களால் கிள்ளி மேலெழுப்பி எடுப்பேன். ஊசியோ கத்தி முனையோ பள்ளத்துக்குள் போகாது. அங்கே விழும் ஒரு கீறல் நிரந்தரக் கசிவு. ரிங்கை இரு விரல்களுக்கு நடுவில் மெல்ல இழுத்துக்கொண்டே போனால் மணல் இருந்தால் விரலுக்குத் தட்டுப்படும். பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடைப்பேன். பிறகு பயறு அளவு கிரீஸ், ரிங் ஈரமாக மினுமினுக்கும் அளவுக்கு மட்டும். தண்ணீரைத் தடுப்பது ரப்பர்தான், ரிங் முறுக்காமல் வழுக்கி அமரத்தான் கிரீஸ். அதிகம் தடவினால் தூசியும் முடியும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஹவுசிங்கோடு வந்த கிரீஸையே பயன்படுத்துங்கள். சிலிக்கான் ரப்பர் ரிங் மீது பொருந்தாத சிலிக்கான் கிரீஸ் பட்டால் ரிங் ஊதிப்போகும்.

வாங்கும்போது இதிலிருந்து எழும் கேள்விகள்: முக்கிய ஓ-ரிங் எளிதில் கழற்ற முடிகிறதா, உதிரி தனியாகக் கிடைக்கிறதா, ஈரம் பட்டால் ஒலிக்கும் அலாரம் இருக்கிறதா, வேக்குவம் வால்வு பொருத்த வழி இருக்கிறதா? இந்தக் கடைசியை முடிந்தால் விட்டுவிடாதீர்கள். கையால் இயக்கும் பம்பினால் ஹவுசிங்கிலிருந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சிவிட்டு அரை மணி நேரம் வைத்திருந்தால், சென்சார் விளக்கு பச்சையாகவே இருந்தால் கசிவு இல்லை. தண்ணீரில் இறங்கும் முன்பே, கரையில் உட்கார்ந்தபடி உறுதியாகிவிடும்.

8. தண்ணீரில் எடை

கேமரா வைத்த பிளாஸ்டிக் ஹவுசிங் பல நேரம் மிதக்கும், அலுமினியம் ஸ்ட்ரோபோடு சேர்ந்தால் மூழ்கும். இரண்டும் மணிக்கட்டை வலிக்கச் செய்யும். லேசாக மூழ்கும் நிலைதான் நல்லது. மிதவைக் கையோ சிறு ஈயத் துண்டோ சேர்த்துச் சரிசெய்யலாம். கைக்கயிறு எப்போதும் வேண்டும்.

9. முதல் இறக்கமும் பிறகும்

புது ஹவுசிங்கை முதல் டைவில் கேமரா இல்லாமல் கொண்டுபோங்கள். உள்ளே ஒரு காகிதத் துவாலையும், மிதந்து இழுக்காமல் இருக்க ஒரு சிறு எடையும் வையுங்கள். வாளித் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதில் ஆழத்தின் அழுத்தம் இல்லை. நீங்கள் வழக்கமாகப் போகும் ஆழத்துக்கே கொண்டுபோய், எல்லாப் பட்டனையும் அங்கே ஒரு முறை அழுத்தி, மேலே வந்து துவாலையைப் பாருங்கள்.

டைவின் நடுவில் ஹவுசிங்கிலிருந்து குமிழிகள் கோடாக எழும்பினாலோ உள்ளே தண்ணீர் தெரிந்தாலோ கேமராவை அணைத்துவிட்டு வழக்கமான வேகத்தில் மேலே வாருங்கள். எந்தக் கேமராவுக்காகவும் வேகமாக ஏறக் கூடாது, ஏறும் வழியில் சற்று நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தையும் விடக் கூடாது.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஊறும்போதே ஒவ்வொரு பட்டனையும் பல முறை அழுத்துங்கள். தண்டுகளில் உப்பு படியாமல் இருக்க இது ஒன்றே வழி. எல்லோருடைய சாமானும் கிடக்கும் பொதுத் தொட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், யாராவது ஒருவரின் டார்ச் உங்கள் தாழ்ப்பாளில் இடிக்கும். திறக்கும் முன் ஹவுசிங்கை மட்டுமல்ல, உங்கள் தலைமுடியையும் துடைத்துக்கொள்ளுங்கள். குனிந்து திறக்கும்போது நெற்றியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் நேராகக் கேமராவின் மேல்தான் விழும்.

விமானத்தில் கொண்டுபோகும்போது முக்கிய ஓ-ரிங்கைக் கழற்றி ஒரு சிறு பையில் போட்டு உள்ளேயே வையுங்கள், அல்லது வேக்குவம் வால்வைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழுத்த வேறுபாட்டில் கதவு திறக்க முடியாமல் இறுகிக்கொள்ளும். வாங்கும் நாளிலேயே இரண்டு உதிரி ஓ-ரிங்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கேமரா மாடல் நின்றுபோனால் சில ஆண்டுகளில் அவையும் கிடைக்காமல் போகலாம்.